நர்ஸம்மாவும் பாஞ்சோவும் ஒரு துண்டு நிலமும்

பணி ஓய்வு பெற்றவனுக்கு ஒரு வசதி உண்டு. எதைப் பற்றி எழுதினாலும் ஏன் என்று கேட்க மேலதிகாரி கிடையாது. அந்தத் துணிச்சலில் இந்தப் பதிவில் மூன்று சங்கதிகளைக் கலந்து பரிமாறுகிறேன். ஒரு வரைபட வேடிக்கை, ஒரு இசை, ஒரு நன்றி. மூன்றும் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைச் சுற்றியே வரும். முதல் இரண்டைப் படித்து ரசித்துவிட்டுப் போகலாம். மூன்றாவதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்லப் போகிறேன்.

கென்டக்கிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாகப் படிப்பவர்கள் கேட்கலாம். என் மகள் அங்கே லெக்ஸிங்டன் நகரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நான் நில அளவைத் துறையில் சர்வேயராகச் சேர்ந்து, தென்மாவட்டங்களில் வெயிலில் அலைந்து ஓய்வு பெற்றவன். இரண்டு வருடங்களுக்கு முன் நானும் மனைவியும் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தோம். அந்த ஆறு மாதத்தில் மருமகன் பாடு திண்டாட்டம். விடுமுறை நாளில் மற்றவர்களின் மாமனார்கள் நயாகராவைக் கேட்பார்கள். நான் வரைபடத்தில் ஒரு புள்ளியைக் காட்டி இங்கே போகலாமா என்பேன்.

ஒரு துண்டு நிலம்

கென்டக்கி வரைபடத்தின் மேற்கு ஓரத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், ஒரு சின்னத் துண்டு மட்டும் மாநிலத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். கென்டக்கி பெண்ட் என்று பெயர். மிசிசிப்பி ஆறு அங்கே கொண்டை ஊசி போல வளைகிறது. அந்த வளைவுக்குள் இருக்கும் நிலத்தின் மூன்று பக்கமும் ஆறு. ஆற்றுக்கு அப்பால் மிசூரி மாநிலம். தெற்கே மட்டும் தரை வழி உண்டு, அது டென்னசி மாநிலம். ஆக, கென்டக்கிக்காரர் ஒருவர் அந்தக் கென்டக்கி மண்ணுக்குத் தரை வழியாகப் போக வேண்டுமானால் டென்னசிக்குள் நுழைந்துதான் போக வேண்டும். தபால் முகவரிகூட டென்னசியில் உள்ள டிப்டன்வில் ஊரின் பெயரில்தான். 2010 கணக்கெடுப்பில் அங்கே 17 பேர். 2020இல் 9 பேர்.

இது எப்படி வந்தது என்பதில்தான் சர்வேயரின் சுவாரசியம் இருக்கிறது. கென்டக்கிக்கும் டென்னசிக்கும் நடுவே எல்லை 36 பாகை 30 கலை அட்சரேகையில் போக வேண்டும் என்பது ஏற்பாடு. அப்போது கென்டக்கி வர்ஜீனியாவோடும், டென்னசி வட கரோலினாவோடும் சேர்ந்திருந்தன. 1779, 1780ஆம் ஆண்டுகளில் டாக்டர் தாமஸ் வாக்கர் என்பவர் தலைமையில் ஒரு குழு காட்டுக்குள் கோடு இழுத்துக்கொண்டே மேற்கே போனது. திசைகாட்டி முள் உண்மையான வடக்கைக் காட்டாது, கொஞ்சம் விலகித்தான் நிற்கும். அந்த விலகலுக்குச் சரியாகத் திருத்தம் செய்யாவிட்டால் கோடு மெல்ல மெல்ல நகரும். வாக்கரின் கோடு வடக்கே நகர்ந்து நகர்ந்து, டென்னசி ஆற்றை எட்டும்போது சரியான இடத்திலிருந்து பத்து மைலுக்கும் மேல் தள்ளிப் போயிருந்தது.

பிறகு 1818இல் அந்த ஆற்றுக்கு மேற்கே உள்ள நிலத்தை அமெரிக்க அரசு சிக்கசா பழங்குடியினரிடமிருந்து வாங்கியது. அடுத்த வருடம் அங்கே புதிதாக அளந்தார்கள். இந்தத் தடவை கோடு சரியாக விழுந்தது. 1820இல் இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து பேசி, ஆற்றுக்குக் கிழக்கே பழைய தவறான கோடு அப்படியே இருக்கட்டும், மேற்கே சரியான கோடு இருக்கட்டும் என்று முடித்துக்கொண்டன. அதனால்தான் அந்த எல்லையில் இன்றும் ஒரு படிக்கட்டு தெரிகிறது. சரியாக விழுந்த அந்த மேற்குக் கோடு ஆற்று வளைவின் கழுத்தை வெட்டிக்கொண்டு போனதில், வளைவுக்குள் சிக்கிய நிலம் கென்டக்கிக்குப் போனது.

ஊன்றிய கல் தவறான இடத்தில் இருந்தாலும், இரண்டு தலைமுறை அதை ஒப்புக்கொண்டு உழுதுவிட்டால் அதுதான் எல்லை. எங்கள் துறையில் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வரப்புத் தகராறுக்குப் போன முதல் நாளே தெரிந்துவிடும். நம் பக்கத்திலும் இப்படி வேடிக்கைகள் உண்டு. புதுச்சேரியைச் சுற்றி வண்டியில் போனால் தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு என்று மாறி மாறி வரும். காரைக்கால் ஒரு பக்கம், மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். கூச் பிஹார் பகுதியில் வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகளும், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகளும் இருந்தன. 2015 ஆகஸ்ட் 1ஆம் தேதி அவற்றை இரு நாடுகளும் மாற்றிக்கொண்டன. அதுவரை அங்கே இருந்த மக்கள் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பட்ட பாடு வேடிக்கை இல்லை.

அரை நாளுக்கும் மேல் காரில் போய்க் கென்டக்கி பெண்டைப் பார்த்தேன். பரந்த வயல்வெளி, ஆள் நடமாட்டமே இல்லை. மருமகன், "மாமா, இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார். ஆமாம் என்றேன். போகிற வழியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கென்டக்கி மாநிலத்துக்குள்ளேயே இரண்டு நேர மண்டலங்கள். லெக்ஸிங்டனிலிருந்து மேற்கே போனால் மாநிலத்தை விட்டு வெளியேறாமலே ஒரு மணி நேரம் லாபம். திரும்பி வரும்போது அதைக் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். வாக்கரின் பெயர் அந்தக் கோட்டில் இன்றும் இருக்கிறது. காட்டை வெட்டி வழி செய்தவர்கள், சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. நான் வரைந்த புலப்படங்களின் மூலையில் என் கையெழுத்து இருக்கும். முள்ளிலும் சேற்றிலும் எனக்கு முன்னால் இறங்கிச் செயின் பிடித்தவரின் பெயர் ஒன்றில்கூட இருக்காது. அது துறையின் வழக்கம். அந்த வழக்கத்தை நான் கவனிக்காமல் இருந்ததில்லை.

பாஞ்சோ

மகள் வீட்டில் சமையலறையில் ஒரு ரேடியோ. ஒரு நாள் அதில் மாண்டலின் சத்தம். கேட்டதும் என் மனம் உடனே நம்ம யு. ஸ்ரீனிவாஸிடம் போய்விட்டது. பாலக்கொல்லில் பிறந்த அந்தப் பிள்ளை, மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வருமா என்று புருவம் உயர்த்தியவர்களைப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே வாயடைக்கச் செய்தவர். ஆனால் இது வேறு வேகம், வேறு ஊர். கூடவே பிடில், கிதார், ஆள் உயரத்துக்கு நிற்கும் பாஸ், மழைத்தூறல் தகரத்தில் விழுவது போல ஒரு பாஞ்சோ. மேளம் கிடையாது. அதற்கு ப்ளூகிராஸ் என்று பெயர் என்று மகள் சொன்னாள்.

ப்ளூகிராஸ் என்பது ஒரு புல். லெக்ஸிங்டனைச் சுற்றிய குதிரைப் பண்ணைகளில் அதுதான் விரிந்து கிடக்கிறது. நானும் குனிந்து குனிந்து பார்த்தேன், நீலமாகத் தெரியவில்லை, பச்சையாகத்தான் இருந்தது. அந்தப் புல்லால் கென்டக்கிக்கு ப்ளூகிராஸ் மாநிலம் என்று செல்லப்பெயர். அந்த மாநிலத்துப் பிள்ளையான பில் மன்றோ தன் இசைக்குழுவுக்கு ப்ளூ கிராஸ் பாய்ஸ் என்று பெயர் வைத்தார். குழுவின் பெயரே பிறகு இசையின் பெயராகிவிட்டது.

மன்றோ 1911இல் ரோசின் என்ற சிற்றூருக்கு அருகே பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. பிடிலையும் கிதாரையும் அண்ணன்மார் எடுத்துக்கொண்டதால் மிச்சமிருந்த மாண்டலின் இவர் கைக்கு வந்தது. பத்து வயதில் அம்மா போனார், பதினாறில் அப்பா. பிறகு பிடில் வாசிக்கும் தாய்மாமன் பென் வீட்டில் இருந்தார். அந்த மாமனுக்காகப் பின்னாளில் அவர் பெயரிலேயே ஒரு பாட்டுக் கட்டினார். அதே வட்டாரத்தில் ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் இருந்தார். கிதாரும் பிடிலும் வாசிப்பவர். சிறுவன் மன்றோ அவரோடு நாட்டிய விருந்துகளில் வாசித்தவர். தன் இசையில் உள்ள ப்ளூஸ் சாயலுக்கு ஷுல்ட்ஸைத்தான் மன்றோ கைகாட்டினார். 1931இல் ஷுல்ட்ஸ் இறந்துபோனார். அவர் வாசித்த ஒரு இசைத்தட்டுகூட இல்லை. பாஞ்சோ என்ற வாத்தியமே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கைவழி அமெரிக்காவுக்கு வந்ததுதான்.

1945 இறுதியில் வட கரோலினாவிலிருந்து ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற 21 வயது இளைஞர் மன்றோவின் குழுவில் சேர்ந்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் உறை மாட்டிக்கொண்டு அவர் பாஞ்சோ வாசித்த விதம்தான் அந்த இசைக்கு இன்றுள்ள முகத்தைக் கொடுத்தது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கிதாரில் லெஸ்டர் ஃபிளாட், பிடிலில் சபி வைஸ், பாஸில் ஹாவர்ட் வாட்ஸ். இந்த ஐவர் சேர்ந்து வாசித்தது இரண்டு வருடத்துக்குச் சற்று அதிகம். அதற்குள் ஓர் இலக்கணம் பிறந்துவிட்டது.

ரோசினுக்கும் போனோம். வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே ஒரு களஞ்சியத்தில் கூடி வாசிக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து பார்த்தபோது எனக்குப் பிடித்தது வாசிப்பைவிட அவர்கள் நின்ற விதம். பழைய முறைப்படி எல்லோருக்கும் நடுவே ஒரே ஒரு மைக். பிடில்காரர் முறை வந்தால் அவர் முன்னே வருவார், மற்றவர்கள் ஒதுங்கி அவருக்குத் தாளம் கொடுப்பார்கள். முடிந்ததும் அவர் பின்வாங்க, பாஞ்சோ முன்னே வரும். யாரும் யாரையும் கையால் கூப்பிடுவதில்லை. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் விடுகிற மாதிரி, ஆனால் ஒரே பாட்டுக்குள் ஆளுக்கு ஒரு தடவை. பாஸ் வாசித்தவருக்கும் ஒரு முறை வந்தது. சபை அவருக்கும் கை தட்டியது.

இந்த இசையில் வரும் பாட்டுகள் பெரும்பாலும் ஊரை விட்டுப் போனவர்களின் பாட்டுகள். மலையில் விட்டுவந்த வீடு, இறந்துபோன அம்மா, ராத்திரி ரயில். கென்டக்கி மலைக்காரர்கள் பிழைப்புக்காக வடக்கே தொழிற்சாலை நகரங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மன்றோவே இளவயதில் இண்டியானாவில் ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பீப்பாய் கழுவியவர். மகள் அந்த ரேடியோவை ஏன் அணைப்பதே இல்லை என்பது எனக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோது விளங்கியது. நான் அதைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

நர்ஸம்மா

இனி சொல்ல வந்த விஷயம்.

மகள் பிளஸ் டூ முடித்து நர்ஸிங் படிக்கிறேன் என்றபோது, எங்கள் சொந்தத்தில் ஒருவர் வீடு தேடி வந்து, "அண்ணாச்சி, நல்ல மார்க் எடுத்த பிள்ளையைப் பெட்பேன் தூக்குற வேலைக்கா அனுப்புறீய?" என்று கேட்டார். நான் ஒரு காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். அவரே பின்னாளில் பக்கவாதம் வந்து படுத்தபோது பெட்பேன் தூக்கியது யாரோ ஒரு நர்ஸ்தான். இதை நான் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நம்மில் அநேகம் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். உடம்பு சரியில்லாதபோது சிஸ்டர், சரியானதும் பெட்பேன் தூக்குகிறவள்.

கென்டக்கியின் கிழக்குப் பக்கம் மலைக்காடு. அங்கே லெஸ்லி கவுண்டியில் ஹைடன் என்று ஓர் ஊர். அந்த ஊரின் கதையை மகள்தான் சொன்னாள். மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற பெண்மணி, நர்ஸ் படிப்புப் படித்தவர், பெற்ற இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்தவர். மகள் பிறந்த சில மணி நேரத்தில் போனாள், மகன் நான்கு வயதில். முதல் உலகப் போருக்குப் பிறகு பிரான்சில் நிவாரணப் பணி செய்தார். இங்கிலாந்து போய்ப் பிரசவம் பார்க்கும் பயிற்சி எடுத்தார். ஸ்காட்லாந்தின் மலைகளிலும் தீவுகளிலும் நர்ஸ்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று நேரில் பார்த்தார். 1925இல் கென்டக்கி மலைக்கு வந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். பிறகு அதற்கு ஃப்ரண்டியர் நர்ஸிங் சர்வீஸ் என்று பெயர் வந்தது.

அந்தப் பகுதியில் அப்போது சாலை கிடையாது. நர்ஸ்கள் குதிரையில் போனார்கள். இரு பக்கமும் தொங்கும் தோல் பைகளில் பிரசவத்துக்கான சாமான்கள். சுமார் 700 சதுர மைல் பரப்பு. ஆற்றில் வெள்ளம் போனாலும் குதிரையோடு கடந்தார்கள். தகப்பன் எப்படியாவது நர்ஸ் இருக்கும் இடத்துக்கு வந்துவிட்டால் போதும், நர்ஸ் தாயிடம் போய்ச் சேர்ந்துவிடுவார் என்பது அங்கே வழக்குப் பேச்சு. குடும்பத்துக்கு வருடம் ஒரு டாலர், பிரசவத்துக்கு ஐந்து டாலர். பணம் இல்லாதவர்கள் விறகு, தானியம் கொடுக்கலாம், வேலி கட்டித் தரலாம்.

இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது குதிரை இல்லை. அந்தப் பெண்மணி கணக்கு எழுதிவைத்தார் என்பதுதான். ஒவ்வொரு பிரசவத்துக்கும் குறிப்பு இருந்தது. முதல் ஆயிரம் பிரசவங்களின் பதிவேடுகளை மெட்ரோபாலிட்டன் லைஃப் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியல் பிரிவு ஆராய்ந்து 1932இல் அறிக்கை கொடுத்தது. ஆயிரம் பேரில் பிரசவக் காரணத்தால் ஒரு தாய்கூட இறக்கவில்லை. அந்த நாளில் அமெரிக்கா முழுவதும் சேர்த்துப் பார்த்தால் ஆயிரம் பிரசவத்துக்கு ஆறு ஏழு தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். சாலை இல்லாத, ஏழை மலைக்காட்டில், நாட்டின் சராசரியைவிடத் தாய்மார் பிழைத்தார்கள். மேரி அம்மையார் தன் காலத்து நிறவெறிக்கு அப்பாற்பட்டவர் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் கணக்கின் பெருமை குதிரையில் போன நர்ஸ்களுக்கு உரியது.

நர்ஸ்களின் தாயாகக் கொண்டாடப்படும் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலைப் பாருங்கள். விளக்கேந்திய பெருமாட்டி என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். கிரிமியப் போரில் காயத்தால் இறந்த சிப்பாய்களைவிட நோயால் இறந்தவர்களே அதிகம் என்று எண்களால் நிரூபித்து, அரசாங்கம் பார்த்ததும் புரிந்துகொள்ளும்படி வண்ணப்படம் போட்டுக் காட்டியவர் அவர். பிரிட்டனில் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினர். நம் நினைவில் விளக்கு நின்றுவிட்டது, கணக்குப் போய்விட்டது.

இங்கேதான் என் கருத்து வருகிறது. மே 12ஆம் தேதி வந்தால் வாட்ஸ்அப்பில் வெண்ணிற ஆடை தேவதைகள் என்று வாழ்த்துகள் பறக்கின்றன. தேவதை என்ற சொல்லை நிறுத்துவோம் என்கிறேன். தேவதைக்குப் பசி கிடையாது, தூக்கம் கிடையாது, வீட்டு வாடகை கிடையாது. தேவதைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. தேவதை ஐம்பது நோயாளிகளைப் பார்த்தாலும் களைக்காது. அந்தச் சொல்லில் நமக்கு ஒரு சௌகரியம் ஒளிந்திருக்கிறது.

போன வருடம் என் மனைவிக்குப் பித்தப்பை அறுவைச் சிகிச்சை. நம்மூர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. அறுவை நன்றாக முடிந்தது. இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும். இரவுப் பணி நர்ஸ், இருபத்து மூன்று இருபத்து நாலு வயதுப் பெண், காய்ச்சல் பார்க்க வந்தவர், மனைவியின் கையில் விரலை வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுக்க நின்றார். நாடி பார்க்கிறார் என்று நினைத்தேன். "மூச்சை எண்ணினேன் ஐயா, கொஞ்சம் வேகமா இருக்கு" என்றார். சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்தார். "அம்மா, இது எந்த ஊரு, சொல்லுங்க" என்று மனைவியிடம் கேட்டார். மனைவி அவள் பிறந்த ஊரைச் சொன்னாள். அந்தப் பெண் அடுத்த நிமிஷம் டாக்டருக்குப் போன் செய்துவிட்டார். இரத்தத்தில் கிருமி பரவத் தொடங்கியிருந்தது. அரை மணி நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஐந்து நாளில் மனைவி தேறிவிட்டாள்.

மகளிடம் போனில் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "நிஜமாவே முழு நிமிஷம் எண்ணினாங்களாப்பா?" என்பதுதான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, நாலைந்து பேரைப் பார்க்கும்போதே முழு நிமிஷம் எண்ணுவதற்கு மனசு அடங்காது, அந்தப் பெண்ணிடம் அன்று ராத்திரி எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரியும். அந்தத் தளத்தில் இருபதுக்கும் மேல் படுக்கை, நர்ஸ் இரண்டு பேர். மகள் அங்கே ராத்திரி யாரோ ஒருவருடைய அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கிறாள். இங்கே யாரோ ஒருவருடைய மகள் அவளுடைய அம்மாவின் மூச்சை எண்ணுகிறாள்.

வீட்டுக்கு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் அறுவை செய்த டாக்டர், மயக்க மருந்து டாக்டர், பொது மருத்துவர் என்று மூன்று பெயர்கள். அவர்களுக்கும் என் நன்றி உண்டு. மூச்சை எண்ணியவரின் பெயர் இல்லை. எனக்கு என் செயின்மேன்களின் நினைவு வந்தது. இனி டிஸ்சார்ஜ் சம்மரியில் வார்டு நர்ஸின் பெயரும் போட வேண்டும் என்று எழுதப் போகிறேன் என்று மகளிடம் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "பேரு போட்டா, எதாவது தப்பாப் போச்சுன்னா மொதல்ல அந்தப் பேரைத்தான் தேடுவாங்கப்பா. பேரெல்லாம் வேண்டாம். ஆளுக்கு ரெண்டு பேஷண்டைக் குறைச்சுக் குடுக்கச் சொல்லி எழுதுங்க" என்றாள்.

அவள் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் லிண்டா ஏகன் என்ற நர்ஸ் பேராசிரியரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒரு நர்ஸுக்குக் கூடுதலாக ஒரு நோயாளியைக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும், அறுவை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதோடு தொடர்பு இருந்தது. ஒரு நோயாளிக்கே இப்படி என்றால் பத்துக்கு என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியா மாநிலம் 1999இல் சட்டமே போட்டது. அதன்படி தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நோயாளிக்கு ஒரு நர்ஸ், சாதாரண வார்டில் ஐந்து பேருக்கு ஒருவர்.

சம்பளத்துக்கும் நம் நாட்டில் ஓர் அளவுகோல் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டு அமைந்த குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் அந்தந்த மாநில அரசு நர்ஸுக்கு இணையாகச் சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் கீழே உள்ள சிறிய மருத்துவமனையாக இருந்தாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்ஸ்கள் போராடிப் போராடி 2018இல் குறைந்தபட்ச ஊதியமாக 20,000 ரூபாயை அரசாணையாக வாங்கினார்கள். நம் மாநிலத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே தொகுப்பூதிய நர்ஸ்கள் நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்தச் செய்தியைத் தள்ளிவிட்டு நான் அடுத்த செய்திக்குப் போனதில்லை, வீட்டில் ஒரு நர்ஸ் இருப்பதால். வீட்டில் நர்ஸ் இல்லாதவர்களும் நின்று படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நர்ஸ் எண்ணிக்கையைக் கூட்டினால் மருத்துவமனைக் கட்டணம் கூடும், அதை நாம்தானே கொடுக்க வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கூடும்தான். ஆனால் மனைவியின் பில்லை எடுத்துப் பார்த்தேன். அறைக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, பரிசோதனைகளுக்கு இவ்வளவு, நர்ஸிங் கட்டணம் என்று ஒரு வரி. அந்த வரியில் இருந்த தொகை அறையின் தொகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. குளிர்சாதன அறைக்கும் சுவரில் மாட்டிய டி.வி.க்கும் முணுமுணுக்காமல் கொடுக்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சை எண்ண ஓர் ஆள் கூடுதலாக வேண்டும் என்றால் மட்டும் கட்டணம் நினைவுக்கு வருகிறது.

ஆகவே நண்பர்களே, அடுத்த தடவை வீட்டில் யாரையாவது மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் சேர்க்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். டாக்டர் யார், அறை வாடகை என்ன என்று எப்படியும் கேட்கத்தான் போகிறோம். அதோடு ராத்திரியில் இந்தத் தளத்தில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்றும் கேளுங்கள். பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும். வார்டுக்கு வந்தபின் நர்ஸிடம் குரலை உயர்த்தாதீர்கள், உங்கள் சொந்தக்காரர்கள் உயர்த்தினால் தடுங்கள். அவர் பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வீட்டுக்குப் போகும்போது டாக்டருக்குக் கொடுக்கும் இனிப்புப் பெட்டி போல இன்னொன்று நர்ஸ்கள் அறைக்கும் கொடுக்கலாம். அதைவிட நல்லது, நிர்வாகத்துக்கு ஒரு கடிதம். எந்தத் தேதி, எந்த வேளை, என்ன செய்தார் என்று எழுதிக் கொடுங்கள்.

நான் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன், கடிதத்தில் அவர் பெயர் இருக்கிறது, இந்தப் பதிவில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடிதத்தின் கடைசி வரியை மட்டும் மகள் சொன்னபடி சேர்த்தேன்: இரவு வேளையில் இந்தத் தளத்துக்கு இன்னும் இரண்டு செவிலியர் வேண்டும். இன்னும் பதில் வரவில்லை. அடுத்த மாதம் மனைவியைச் சோதனைக்கு அழைத்துப் போகும்போது நேரிலேயே கேட்கலாம் என்றிருக்கிறேன்.